குட்டை டேலியா: தொட்டியிலும் ஓரப்பாத்தியிலும் வளர்க்க ஒரு வழிகாட்டி

உதகமண்டலத்து அரசு தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சியைப் பார்த்தவர்கள், மாடங்களில் வரிசை வரிசையாக அடுக்கிய தொட்டிகளில், முழங்கால் உயரம்கூட வளராமல் செடி கொள்ளாத அளவுக்குப் பூத்திருக்கும் டேலியாவை மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆசையில் மலையிலிருந்து ஒரு தொட்டியை வாங்கிக்கொண்டு சென்னைக்கோ மதுரைக்கோ இறங்கி, அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடியில் வைத்து, இரண்டு வாரத்தில் செடியை இழந்து, ‘இது மலைக்கு உரிய செடி, நம் ஊரில் வராது’ என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் பலர். அந்தச் செடி மாண்டதற்குக் காரணம் அது வந்து சேர்ந்த மாதம்தான். புரட்டாசி கடைசியில் விதைத்து, மார்கழியில் முதல் பூவைப் பார்த்து, மாசி முடியும்வரை பூக்கவிட்டு, பங்குனியில் கிழங்கை ஓய்வுக்கு அனுப்புவது என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டால், சமவெளியிலும் குட்டை டேலியாவை ஆண்டுதோறும் பூக்கவைக்கலாம். முதன்முறையாக வளர்க்க முனைவோருக்காக அந்தக் கணக்கையும் அதற்குரிய கைவேலைகளையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

பிறந்த மலையை அறிந்துகொள்வது

டேலியாவின் தாயகம் மெக்சிகோவின் உயர்ந்த மலைச்சரிவுகள். அங்கிருந்து 1789-இல் ஸ்பெயினின் மத்ரித் நகரத் தாவரவியல் தோட்டத்துக்கு விதைகள் அனுப்பப்பட்டன. அங்கே அவற்றை வளர்த்த கவானியெஸ் என்ற தாவரவியலாளர், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான ஆண்டர்ஸ் டால் என்ற சுவீடன் நாட்டவரின் நினைவாக 1791-இல் இந்தப் பெயரை இட்டார். மெக்சிகோ 1963-இல் இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. இந்த வரலாற்றைவிட நமக்குப் பயன்படுவது அந்த மலைச்சரிவுகளின் இயல்பு. அங்கே பகலில் நல்ல வெளிச்சமும் இதமான வெப்பமும் இருக்கும், இரவு குளிர்ந்துவிடும், பெய்கிற மழை சரிவில் வழிந்தோடிவிடும், மழையற்ற மாதங்களில் செடியின் மேற்பகுதி காய்ந்துபோக, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இந்த நான்கு இயல்புகளில் ஏதேனும் ஒன்றைத் தொட்டியில் உண்டாக்கும் முயற்சியே. எனவே ஏதாவது ஒரு கட்டத்தில் என்ன செய்வதென்று குழப்பம் வந்தால், வேர் குளிர்ச்சியாக இருக்கிறதா, நீர் வழிந்தோடுகிறதா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

எந்த வகையை வாங்குவது

டேலியாவில் ஆளுயரம் வளர்ந்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூப்பவையும் உண்டு. ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடுபவையும் உண்டு. நாம் இங்கே பேசுவது 30 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்குபவற்றைப் பற்றி. இவற்றுக்குக் கம்பு நட்டுக் கட்டவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. காற்றடிக்கும் மாடியில் இது ஒன்றே பெரிய உதவி. விதையாகக் கிடைப்பவற்றில் ஃபிகாரோ, ரிகோலெட்டோ, ஹார்லெக்வின் ஆகியவை 30–40 சென்டிமீட்டரில் நின்றுவிடும். கிழங்காகவோ தண்டு நறுக்கிலிருந்து வளர்த்த செடியாகவோ கிடைப்பவற்றில், நெதர்லாந்தில் உருவாக்கப்பட்ட கேலரி வரிசை தொட்டிக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. புதியவர்கள் முதல் ஆண்டில் விதையிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. விலை குறைவு, பத்துச் செடி போனாலும் பத்துச் செடி மிஞ்சும், செடியின் ஒவ்வொரு பருவத்தையும் கண்ணால் பார்த்துப் பழகலாம்.

நர்சரியில் பூத்த நிலையில் செடி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. விற்பனைக்கு வரும் தொட்டி டேலியாக்களில் சிலவற்றை, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளித்துக் குட்டையாக வைத்திருப்பார்கள். அந்த மருந்தின் வேகம் தணிந்ததும், அல்லது அடுத்த ஆண்டு அதே கிழங்கு முளைக்கும்போது, செடி தன் இயல்பான உயரத்துக்கு எழுந்துவிடும். ஆகவே செடி இப்போது எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பார்த்து வாங்காமல், அதன் வகைப் பெயரையும் முழு வளர்ச்சியில் அது எட்டும் உயரத்தையும் கேட்டு வாங்குங்கள். குளிர்ப் பகுதியிலிருந்து வந்த செடியாக இருந்தால், ஒரு வாரம் அரைநிழலில் வைத்துப் பழக்கிய பிறகே வெயிலுக்கு நகர்த்தவேண்டும்.

பூவின் அமைப்பிலும் ஒரு தேர்வு இருக்கிறது. அடுக்குப் பூக்கள் கண்ணை முதலில் இழுக்கும். ஆனால் ஒற்றை வரிசை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்த வட்டமும் கொண்ட வகைகளைத் தேனீக்கள் நாடி வரும். மழையில் நனைந்தாலும் அவை கனம் தாங்காமல் தலை கவிழ்வதில்லை. தொட்டியில் வளர்ப்பவர்கள் இரண்டிலும் சில வைத்துக்கொள்ளலாம்.

மாதக் கணக்கு

குட்டை வகைகள் விதைத்ததிலிருந்து பூக்கும்வரை ஏறத்தாழ 12 வாரம் எடுத்துக்கொள்ளும். இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடவேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில், அக்டோபர் முதல் வாரத்தில் கூரையின் கீழ் விதைத்து, நவம்பரில் தொட்டிக்கு மாற்றி, பெருமழை ஓயும்வரை தொட்டிகளை மழைமறைவில் வைத்திருந்து, டிசம்பர் நடுவில் வெளியே எடுத்தால், மார்கழிக் கோலத்தின்போது வாசலில் முதல் பூக்கள் இருக்கும். கோயம்புத்தூர், தருமபுரி, ஒசூர் பக்கத்தில் இரவு முன்னதாகவே குளிர்ந்துவிடுவதால் செப்டம்பரிலேயே விதைக்கலாம். அங்கே பூக்கும் காலமும் நீளும்.

மலைப்பகுதிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உதகை, கொடைக்கானல் போன்ற உயரங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனி டேலியாவின் தண்டை ஒரே இரவில் கருக்கிவிடும். அங்கே பனிக்காலத்தில் மறைவான இடத்தில் நாற்றுவிட்டு, பனி விலகிய பிறகு வெளியே நட்டுக் கோடையில் பூப்பார்க்கிறார்கள். சமவெளியில் நாம் கிழங்கை உறங்கவைக்கும் பங்குனி, சித்திரைதான் மலையில் அதன் விழிப்புக் காலம் என்பதை நினைவில் வைத்தால், மலையிலிருந்து செடி வாங்கும் தவறு நேராது.

பகலின் நீளமும் இந்தச் செடியை ஆள்கிறது. பகல் 12 மணி நேரத்துக்குக் குறைந்தால் டேலியா தன் சத்தைக் கிழங்குக்கு அனுப்பத் தொடங்கும். நம் டிசம்பர்ப் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரமே. அதனால் நவம்பர் கடைசியில் தாமதமாக விதைத்த நாற்று, உடல் பெருக்காமலே கிழங்கு கட்டப் பார்க்கும், பூவும் குறையும். விதைப்பை அக்டோபர் தாண்டிப் போகவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விதைப்பும் நாற்றும்

குழித்தட்டில் (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) கழுவிய தென்னை நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக வைத்து, அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு அதே கலவையால் மூடுங்கள். டேலியா விதை தட்டையாகவும் நீளமாகவும் இருப்பதால் விரல் நுனியால் எளிதாகக் கையாளலாம். பூவாளியால் மெதுவாக நனைத்து, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். ஐந்து முதல் பத்து நாளுக்குள் முளை தெரியும். முளை தெரிந்த அன்றே தட்டைக் காலை வெயில் படும் இடத்துக்கு நகர்த்திவிடவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிச்சத்தைத் தேடி நூலாக நீளும், அப்படி நீண்ட நாற்று பிறகு குட்டையாகத் திரண்டு வளர்வதில்லை.

நாற்றுக் கட்டத்தில் அதிகமாகச் சாவது, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கருத்து அழுகிச் சாயும் நோயால். மேல்மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் இது வரும். கலவையில், நோய்ப் பூஞ்சையைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி தூளைச் சிறிது கலப்பதும், மேல்மண் வெளுத்த பிறகே நீர் விடுவதும் போதுமான பாதுகாப்பு. விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு ஜோடி உண்மையிலைகள் வந்ததும், அதாவது ஏறத்தாழ நான்காவது வாரத்தில், நாற்று இடம் மாறத் தயாராகிவிடும்.

ஒரே பாக்கெட்டில் வந்த விதையாக இருந்தாலும் நிறமும் இதழடுக்கும் செடிக்குச் செடி மாறும். மனிதருக்கும் பெரும்பாலான செடிகளுக்கும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்க, தோட்டத்து டேலியாவுக்கு எட்டுத் தொகுதிகள் உள்ளன. அதனால் இவ்வளவு கலவை. பிடித்த பூவின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டு அதே பூ வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே பூ வேண்டுமானால் கிழங்கையோ தண்டு நறுக்கையோதான் காப்பாற்றவேண்டும்.

தொட்டியும் மண்ணும்

டேலியாவைத் தொட்டியில் வளர்ப்பதில் வெற்றியும் தோல்வியும் இந்தக் கட்டத்திலேயே முக்கால் பங்கு தீர்மானமாகிவிடுகின்றன. ஒரு செடிக்கு 10 அங்குல வாய் அகலமும் அதே அளவு ஆழமும் உள்ள தொட்டி வேண்டும். 12 அங்குலம் கிடைத்தால் இன்னும் நல்லது. குட்டைச் செடிதானே என்று 6 அங்குலத் தொட்டியில் வைத்தால், கிழங்கு கட்டத் தொடங்கியதும் வேருக்கு இடமின்றி, காலையில் விட்ட நீர் மதியத்துக்குள் வற்றி, செடி தினமும் வாடும். மூன்று செடிகளைச் சேர்த்து வைக்க விரும்புவோர் ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளலாம்.

சுட்ட மண் தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். அதன் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதே அதற்குக் காரணம். பிளாஸ்டிக் தொட்டியும் க்ரோ பேக்கும் எடை குறைவு, மாடிக்கு ஏற்றவை. ஆனால் கறுப்பு நிறத்தில் இருந்தால் பக்கவாட்டு வெயிலில் உள்மண் சூடேறி, வெயில் படும் பக்கத்து வேர்கள் வெந்துவிடும். அப்படிப்பட்ட தொட்டியைச் சுற்றிக் கோணிப்பையைக் கட்டிவிடுவதும், தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழச் செய்வதும் எளிய வழிகள். எந்தத் தொட்டியானாலும் அடியில் விரல் நுழையும் அளவுக்கு நான்கு துளைகளாவது இருக்கவேண்டும்; தொட்டியை நேரே தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வைக்கவேண்டும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். சென்னையில் நான் முதன்முறை வளர்த்தபோது, மாடித் தளம் கறைபடக் கூடாது என்று பதினொரு தொட்டிகளுக்கும் தட்டு வைத்திருந்தேன். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் தட்டுகள் நிரம்பி, அந்த நீரை நான் கவனித்துக் கொட்டுவதற்குள் ஒன்பது செடிகளின் கழுத்து மென்மையாகிச் சாய்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தபோது சிறுவிரல் அளவுக்குத் திரண்டிருந்த இளங்கிழங்குகள் கூழாகியிருந்தன. தட்டில்லாமல் செங்கல்மேல் இருந்திருந்தால் அதே மழையை அவை தாங்கியிருக்கும் என்பதை அடுத்த ஆண்டு கண்டேன்.

மண்கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு பருமணல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் அதை ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி நீர்விட்டுப் பிழிந்த பிறகே கலக்கவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள இடங்களில் இதை மறந்தால் இலை ஓரங்கள் கருகத் தொடங்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் ஒரு மேசைக்கரண்டி எலும்புத்தூளும் சேர்த்து, கலவையை லேசாக நனைத்து, பத்து நாள் நிழலில் கிடத்திய பிறகு பயன்படுத்துங்கள். புண்ணாக்கு மண்ணில் சிதையும்போது சூடு கிளம்பும். அந்தச் சூடு தணியாமல் நாற்றை வைக்கக் கூடாது. மக்காத சாணம் அறவே வேண்டாம்.

நாற்றைக் குழித்தட்டில் இருந்த ஆழத்தைவிட ஓரிரு சென்டிமீட்டர் ஆழமாக நட்டு, மண்ணை மெதுவாக அழுத்தி, ஒருமுறை நன்றாக நீர் விட்டு, மூன்று நாள் நிழலில் வையுங்கள். தொட்டி விளிம்பிலிருந்து மூன்று விரல் அளவு இடைவெளி விட்டு மண் நிரப்புவது, பிறகு உரமிடவும் மூடாக்குப் போடவும் உதவும்.

கிழங்கிலிருந்து தொடங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். உருளைக்கிழங்கில் உடல் முழுவதும் கண்கள் இருப்பதுபோல் டேலியாக் கிழங்கில் இருப்பதில்லை. பழைய தண்டின் அடிப்பகுதியில், கிழங்கின் கழுத்து சேரும் இடத்தில் மட்டுமே கண்கள் உண்டு. எவ்வளவு பருத்த கிழங்கானாலும் அந்தக் கழுத்துத் துண்டு ஒட்டியிராவிட்டால் அது ஒருநாளும் முளைக்காது. வாங்கும்போது கிழங்கு இறுக்கமாக இருக்கிறதா, கழுத்து முறியாமல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தொட்டியில் கிழங்கைப் படுக்கவைத்து, கழுத்தின்மேல் இரண்டு அங்குல மண் இருக்கும்படி மூடி, லேசாக ஒருமுறை நனைத்துவிட்டு, முளை வெளியே தெரியும்வரை நீர் ஊற்றாமல் பொறுத்திருக்கவேண்டும். இலையில்லாத கிழங்குக்கு நீர் உறிஞ்சும் வேலை இல்லை. ஊற்றிய நீர் அதை அழுகவைக்கவே பயன்படும்.

ஓரப்பாத்தி

வீட்டைச் சுற்றி மண் இருப்பவர்கள் நடைபாதையின் ஓரத்திலோ வராந்தாவின் முன்னாலோ நீளமான பாத்தி அமைத்தால், தொட்டியைவிடக் குறைந்த உழைப்பில் அதிகப் பூவைப் பெறலாம். மேற்கு நோக்கிய சுவரின் அடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பகலெல்லாம் சூடேறிய சுவர் இரவிலும் வெப்பத்தைக் கக்கும், டேலியாவுக்கு வேண்டிய குளிர்ந்த இரவு அங்கே கிடைக்காது. தென்னையின் வேர்ப்பரப்புக்குள்ளும் வேண்டாம். காலையிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை வெயிலும் அதன்பின் நிழலும் விழுகிற கிழக்குப் பக்கமே மிகச் சிறந்தது.

பாத்தியை ஓரடி ஆழம் கொத்தி, சதுர மீட்டருக்கு நான்கைந்து கிலோ மக்கிய உரம் கலந்து, தரைமட்டத்திலிருந்து அரையடி உயரம் மேடாக்குங்கள். கரிசல் மண் உள்ள ஊர்களில் இந்த மேட்டை முக்கால் அடியாக உயர்த்தி, மணலும் சேர்க்கவேண்டும். 30 சென்டிமீட்டர் உயர வகைகளுக்குச் செடிக்குச் செடி ஓரடி, 50 சென்டிமீட்டரைத் தாண்டுபவற்றுக்கு ஒன்றரை அடி இடைவெளி விட்டு, நேர்வரிசையாக இல்லாமல் முக்கோணப் போக்கில் நட்டால், செடிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது பாத்தி முழுவதும் ஒரே மெத்தையாகத் தெரியும். பல நிறங்களைக் கலந்து நடுவதைவிட ஒரு நிறத்தில் ஐந்து செடிகளைச் சேர்த்து நடுவது கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது என்பது என் அனுபவம். பின்வரிசையில் செவ்வந்தியோ சால்வியாவோ இருக்கலாம்.

நீரும் மூடாக்கும்

மண்ணில் விரலின் முதல் இரண்டு கணு ஆழம்வரை நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை நீர் விடுங்கள். மார்கழியில் இது இரண்டு நாளுக்கு ஒருமுறையாக இருக்கும். மாசி வெயில் ஏறியதும் தினமும் தேவைப்படும். காலையில் விடுவதே நல்லது. மாலையில் இலைமேல் ஊற்றினால் இரவு முழுதும் ஈரம் தங்கிப் பூஞ்சை நோய்களுக்கு வழிவிடும். காய்ந்த தென்னை நாரையோ சருகையோ மண்ணின்மேல் இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் இடம் விட்டுவிடுங்கள்.

நுனி கிள்ளுதல், உரமிடுதல், வாடிய பூவை எடுத்தல்

செடியில் மூன்று நான்கு ஜோடி இலைகள் வந்ததும் நடுத்தண்டின் நுனியை நகத்தால் கிள்ளிவிடவேண்டும். புதியவர்களுக்கு இதைச் செய்ய மனம் வராது; முதல் மொட்டு வரப்போகும் நுனி அது. ஆனால் நுனி போனால்தான் ஒவ்வொரு இலைக்கக்கத்திலிருந்தும் கிளை எழும். ஒரு பூவுக்குப் பதில் ஆறேழு பூ வரும். செடியும் பந்துபோலத் திரளும். பூ பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போவது மட்டுமே இதற்கு நாம் கொடுக்கும் விலை. பெரிய பூ டேலியாவை வளர்ப்போர் பக்க மொட்டுகளை நீக்கி ஒன்றை மட்டும் விடுவார்கள். குட்டை வகைக்கு அந்த வேலை தேவையில்லை.

நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து உரம் தொடங்கலாம். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு நீரில் கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை தொட்டிக்கு அரை லிட்டர் விடுங்கள். ரசாயன உரம் பயன்படுத்துவோர் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து விடலாம். மொட்டுத் தெரிந்ததும் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தைக் கூட்டவேண்டும். 13:0:45 உரம் லிட்டருக்கு 2 கிராம் அதற்கு ஏற்றது. இலை கரும்பச்சையாகச் செழித்து, தண்டு சதைப்பிடிப்பாக நீண்டு, பூ மட்டும் வராத செடியைப் பார்த்தால், தழைச்சத்து அதிகமாகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட செடிக்கு மூன்று வாரம் எந்த உரமும் கொடுக்காதீர்கள்.

பூக்கத் தொடங்கிய பிறகு செய்யவேண்டிய வேலைகளில் தலையானது வாடிய பூவை எடுப்பது. பூ காய்ந்து விதை கட்டத் தொடங்கினால் செடி புதுமொட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். இதழ் உதிர்ந்த பழைய பூவும் திறக்காத புதுமொட்டும் தொலைவிலிருந்து ஒன்றுபோலத் தெரிவதால், புதியவர்கள் மொட்டைக் கிள்ளிவிட்டுப் பழம்பூவை விட்டுவைப்பதுண்டு. வேறுபாடு எளிது: மொட்டு பொத்தான்போல உருண்டு, தட்டையாக, கெட்டியாக இருக்கும், முடிந்த பூ கூம்புபோல நீண்டு, நுனி கூர்ந்து, அழுத்தினால் மெதுவாக இருக்கும். பூவின் காம்பை மட்டும் கிள்ளாமல், கீழே அடுத்த இலை ஜோடி வரை சென்று வெட்டுங்கள்; அங்கிருந்துதான் அடுத்த கிளை எழும். டேலியாவின் தடித்த தண்டு உள்ளே குழலாக இருக்கும் என்பதால், மழைநாளில் வெட்டினால் குழலுக்குள் நீர் தேங்கி அழுகல் கீழே இறங்கும். மழை விட்ட பிறகு வெட்டுங்கள்.

குட்டை வகையின் காம்பு சிறியது. ஜாடியில் வைப்பதைவிட, வாசலில் உருளியில் நீர் நிரப்பி மிதக்கவிடுவதே அதற்கு அழகு. விடியலில், முழுதும் விரிந்த பூவைப் பார்த்துப் பறிக்கவேண்டும். மொட்டாகப் பறித்தது நீரில் விரிவதில்லை.

பூச்சியும் நோயும்

தையில் அசுவினியும் இலைப்பேனும், மாசியில் செஞ்சிலந்தியும் வரும். அசுவினி இளநுனியில் கூட்டமாக அமரும். இலைப்பேன் மொட்டுக்குள் புகுந்து இதழ் ஓரங்களைப் பழுப்பாக்கும். செஞ்சிலந்தி இலையின் அடியில் நுண்ணிய வலை பின்னி, மேற்புறத்தில் ஊசி குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகளை உண்டாக்கும். வாரம் ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு, நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதே பெரும்பாலும் போதும். மீறினால், ஒரு லிட்டர் நீரில் 3 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். இலைமேல் வெண்தூள் தூவியதுபோல் படரும் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத் தூள் உதவும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். மழைக்கால இரவுகளில் நத்தைகள் நாற்றை அடியோடு தின்றுவிடும். டார்ச் விளக்கோடு சென்று கையால் பொறுக்குவதே உறுதியான வழி.

இலையில் நரம்பை ஒட்டி வெளிர்பச்சைப் பட்டைகள் தோன்றி, செடி வளராமல் சுருங்கி நின்றால், அது அசுவினி பரப்பும் மொசைக் வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. எவ்வளவு பிடித்த செடியானாலும் கிழங்கோடு எடுத்து அகற்றி, வெட்டிய கத்தரிக்கோலைச் சோப்பு நீரில் கழுவிவிடுங்கள். அந்தக் கிழங்கை அடுத்த ஆண்டுக்கு வைத்திருந்தால் நோயையே வைத்திருப்பதாகும்.

கோடையில் கிழங்கைக் காப்பது

பங்குனியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும்போது நீரைப் படிப்படியாகக் குறைத்து, தண்டு காய்ந்ததும் மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வெட்டுங்கள். தொட்டியில் வளர்த்தவர்கள் கிழங்கைத் தோண்டாமல், தொட்டியோடு மழையும் வெயிலும் படாத, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலைக்கு நகர்த்திவிடலாம். குட்டை வகையின் சிறு கிழங்குகள் மண்ணுக்குள் இருக்கும்போதுதான் நன்றாகத் தாங்குகின்றன. பாத்தியில் இருந்தவற்றை ஓரடி தள்ளி மண்வெட்டியைச் செருகி, கழுத்து முறியாமல் கொத்தாக எடுத்து, மண்ணை உதிர்த்து, இரண்டு நாள் நிழலில் தலைகீழாக வைத்து உலர்த்தி, உலர்ந்த மணலோ நார்க்கழிவோ நிரப்பிய மண்சட்டியில் புதைத்து வைக்கவேண்டும். சட்டியை மூடி இறுக்கக் கூடாது. நம் கோடையில் அழுகலைப் போலவே சுருங்கிக் காய்தலும் ஆபத்து. ஆகவே மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, தோல் சுருங்கியிருந்தால் மணலின்மேல் ஒரு கையளவு நீர் தெளித்து, மென்மையாகிய கிழங்கை வெட்டி எறியுங்கள். கரையோரச் சமவெளியில் பத்தில் பாதி பிழைத்தாலே நல்ல கணக்கு. அதனால் ஆண்டுதோறும் கொஞ்சம் புது விதையும் வாங்கிக்கொள்வது என் வழக்கம்.

ஆவணி இறுதியில் அந்தச் சட்டிகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து லேசாக நனைத்தால், கழுத்தில் சிவந்த கண்கள் திறக்கும். முளைகள் மூன்று அங்குலம் வந்தவுடன், அடியில் சிறிது சதையோடு சேர்த்து அறுத்து, கீழிலைகளை நீக்கி, ஈரமணலில் செருகி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். இன்னும் நீளவிட்டால் தண்டு குழலாகிவிடும், குழலான தண்டு வேர்விடுவதில்லை. ஒரு கிழங்கிலிருந்து இப்படி நான்கைந்து செடிகள் எடுத்த பிறகு, அந்தக் கிழங்கையே புதுமண் நிரப்பிய தொட்டியில் வைத்து, புரட்டாசிக் கடைசியில் அக்கம்பக்கத்து வீட்டுக்கும் ஒரு செடி கொடுங்கள்.